ஆறு கிழமைக் குழந்தைக்கு எச்.ஐ.வி இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மூன்று மாதக் குழந்தைக்கு விரைவுப் பரிசோதனை செய்து இரண்டு கோடு விழுந்தால் வீடே இடிந்துபோகும். ஆனால் அந்த இரண்டாவது கோடு பேசுவது தாயைப் பற்றி. குழந்தைக்குத் தொற்று இருக்கிறதா இல்லையா என்பதை அது சொல்லவே இல்லை. தாய்க்கு எச்.ஐ.வி இருப்பது முன்பே தெரியுமென்றால், அந்தக் கோட்டில் புதிய செய்தி எதுவும் கிடையாது.

காரணம், எச்.ஐ.விக்குப் பரவலாகச் செய்யப்படும் பரிசோதனைகள் பெரும்பாலும் வைரசைத் தேடுவதில்லை. வைரசு நுழைந்தபின் உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகளையே தேடுகின்றன. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் பிறபொருளெதிரிகள் நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குள் ஏராளமாக இறங்குகின்றன. மட்டக்களப்பில் தாய் மகளுக்கு வீடு வளவு கொடுத்து அனுப்புவதுபோல இதுவும் தாய்வழிச் சீதனம்தான். என்ன, இங்கே ஆண் பெண் பேதம் இல்லை. கர்ப்பிணிகளுக்கு ஏற்பு ஊசி போடுவதே இந்த வழியை நம்பித்தான். தாய்க்குப் போடும் ஊசியால் பிறக்கும் குழந்தை காக்கப்படுகிறது. எச்.ஐ.விக்கான பிறபொருளெதிரியும் அதே வழியால் வருகிறது. வந்த சீதனம் மெல்ல மெல்லக் கரையும். அனேகமான குழந்தைகளில் 9 முதல் 12 மாதத்துக்குள் தீர்ந்துவிடும். சிலரில் 18 மாதம் வரை இழுக்கும். ஆகவே 18 மாதத்துக்குக் குறைந்த குழந்தையில் பிறபொருளெதிரிப் பரிசோதனையை வைத்து "தொற்று உண்டு" என்று யாரும் முடிவு சொல்லக்கூடாது.

அப்படியானால் 18 மாதம் காத்திருந்து பார்த்தால் என்ன? தொற்றுள்ள குழந்தைக்கு அவ்வளவு காலம் கிடைப்பதில்லை. சிகிச்சை இல்லாவிட்டால் தொற்றுள்ள குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறக்கிறது. இரண்டு வயதுக்குள் பாதி. இறப்பு உச்சத்துக்குப் போவது இரண்டு, மூன்று மாத வயதில். தென்னாபிரிக்காவில் நடந்து 2008இல் வெளியான செர் ஆய்வு இதற்கு ஒரு முடிவு கட்டியது. குழந்தை வாடும்வரை காத்திராமல், தொற்று உறுதியானதும் சில கிழமை வயதிலேயே மருந்து தொடங்கினால் இறப்பு 76 சதவீதம் குறைந்தது. இத்தனை அவசரப்படுத்தி நாட்களை எண்ணுவதெல்லாம் இதற்காகத்தான்.

வைரசையே தேடுவது

குழந்தைக்குப் பொருத்தமானது பி.சி.ஆர். கொரோனா காலத்தில் ஊரெல்லாம் கேள்விப்பட்ட அதே முறைதான். அப்போது மூக்கில் குச்சி விட்டார்கள், இங்கே இரத்தம் எடுக்கிறார்கள். இரத்தத்தில் வைரசின் மரபுப்பொருள் இருந்தால், அதன் ஒரு குறிப்பிட்ட துண்டை இயந்திரம் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்குகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 30 சுற்று முடியும்போது ஒரு துண்டிலிருந்து 107 கோடிப் பிரதிகள். இல்லாத ஒன்றை இரட்டிப்பாக்க முடியாது. தாயிடமிருந்து வந்த பிறபொருளெதிரி எவ்வளவு கிடந்தாலும் பி.சி.ஆருக்கு அது கண்ணில் படாது.

எப்போது எடுப்பது என்பதுதான் அடுத்தது. குழந்தைக்குத் தொற்று வர மூன்று வேளைகள் உண்டு: வயிற்றில், பிரசவத்தில், தாய்ப்பாலில். வயிற்றிலேயே தொற்றியிருந்தால் பிறந்த அன்றே பி.சி.ஆரில் தெரியும். பிரசவ நேரத்தில் தொற்றியது தெரிய இரண்டு முதல் ஆறு கிழமை எடுக்கும். அதுவரை வைரசு இரத்தத்தில் போதிய அளவுக்குப் பெருகியிராது. பிறந்த அன்று 'இல்லை' என்று வந்த முடிவோடு நிம்மதியாகப் படுத்துவிட முடியாதது இதனால்தான். உலக சுகாதார நிறுவனம் 4 முதல் 6 கிழமைக்குள் ஒரு பி.சி.ஆர், 9 மாதத்தில் இன்னொன்று என்று சொல்கிறது. கடைசியாக 18 மாதத்தில் அல்லது பால் மறக்கடித்து 3 மாதம் கழித்து, இரண்டில் எது பிந்தி வருகிறதோ அப்போது, பிறபொருளெதிரிப் பரிசோதனை. தாயின் நிலைமையைப் பார்த்து இந்த அட்டவணையில் கூடுதலாக ஒன்றிரண்டைச் சேர்ப்பது வைத்தியரின் கையில்.

நமது கிழக்கிலங்கைப் பக்கத்தில் இந்த நாட்கள் எங்கே விழுகின்றன என்று பார்த்தால் ஒரு சிக்கல் தெரியும். 9 மாதத்தில் எம்.எம்.ஆர், 18 மாதத்தில் முக்கூட்டு ஊசியும் போலியோச் சொட்டும் இருப்பதால் அவற்றுக்கு எப்படியும் கிளினிக் போகத்தான் வேண்டும். ஆறு கிழமைக்கு அப்படி ஒரு சாட்டு இல்லை. அடுத்த ஊசி இரண்டு மாதத்தில் என்பதால் "அப்போது இரண்டையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளத் தோன்றும். தள்ள வேண்டாம். காத்தான்குடியிலோ கல்முனையிலோ நாற்பது கழியும்வரை வெளிக்கிடாத வீடுகளுக்கும் 42ஆம் நாள் இடைஞ்சல் இல்லை. நாற்பது முடிந்த கையோடு வரலாம். 31இல் துடக்குக் கழிக்கும் வீடுகளுக்குப் பதினொரு நாள் தாராளமாகவே கிடக்கிறது. அந்த ஒரு வருகையில் மூன்று வேலை நடக்கிறது. பி.சி.ஆருக்கு இரத்தம் எடுக்கப்படும். தொற்றைத் தடுக்கப் பிறந்ததிலிருந்து கொடுத்துவந்த நெவிராபின் அல்லது சிடோவுடின் பாணியை நிறுத்துவதா நீடிப்பதா என்று தீர்மானிக்கப்படும். நிமோனியாவைத் தடுக்கும் கோட்ரைமொக்சசோல் தொடங்கும். அந்தப் பாணி வைரசை அடக்குவதால் பி.சி.ஆரின் கண்ணையும் கொஞ்சம் மங்கச் செய்யும் என்பதை நினைவில் வைத்தால், ஒரே ஒரு 'இல்லை' ஏன் போதாது என்பதும் விளங்கும்.

குதிக்காலும் இரத்தப்பொட்டு அட்டையும்

இரத்தத்தை இரண்டு விதமாக எடுக்கலாம். நாளத்திலிருந்து எடுத்துக் குழாயில் விடுவது ஒன்று. ஊதா மூடிக் குழாய்தான் வேண்டும். பச்சை மூடிக் குழாயிலுள்ள ஹெப்பரின் பி.சி.ஆர் வேலையையே குழப்பிவிடும். குழாய் இரத்தம் சீக்கிரம் ஆய்வுகூடம் சேர வேண்டும் என்பதும் தொல்லை. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். தூரமுள்ள இடங்களுக்கென்றே வந்தது மற்ற முறை: வாட்மன் 903 போன்ற தடித்த வடிதாள் அட்டை. அதில் ஐந்து வட்டங்கள். ஒரு வட்டம் நிறைய ஏறக்குறைய 70 மைக்ரோலீற்றர், அதாவது பெரிய துளி ஒன்றிரண்டு போதும். காய்ந்தபின் குளிர்ப்பெட்டி வேண்டாம், சாதாரண கடிதம்போல அனுப்பலாம். அறை வெப்பத்திலேயே கிழமைக்கணக்கில் தாங்கும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஆய்வுகூடத்திலிருந்து "மீண்டும் எடுத்து அனுப்பவும்" என்று திரும்பி வருபவற்றில் பெரும்பங்கு இந்த அட்டைதான். இயந்திரத்தில் வரும் பழுது குறைவு. பழுது கையில்தான் வருகிறது. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

ஐந்து கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குக் குதிக்கால். பெரிய குழந்தைக்குக் காற்பெருவிரல், பத்துக் கிலோ தாண்டினால் கைவிரல். குதிக்காலில் குத்துவது உள்ளங்காலின் இரு ஓரங்களில் மட்டும். நடுவில் எலும்பு தோலுக்குக் கிட்ட இருக்கிறது. அங்கே குத்தினால் எலும்பில் கிருமி தொற்றலாம். லான்செட் என்ற குத்தூசியின் முனை 2 மில்லிமீற்றருக்கு மேல் இறங்காததாக இருக்க வேண்டும். குத்துமுன் இளஞ்சூட்டுத் துணியால் காலை இரண்டு மூன்று நிமிடம் சூடாக்கினால் இரத்தம் தானாக ஊறும். குழந்தையைத் தாய் தோளில் நிமிர்த்திப் பிடித்து, கால் தொங்கும்படி வைத்துக்கொள்வதும் உதவும்.

ஸ்பிரிட் போட்டுத் துடைத்த இடம் முழுதாகக் காய வேண்டும். ஈரத்தோடு குத்தினால் ஸ்பிரிட்டும் இரத்தமும் கலந்து, அட்டையில் வெளிறிய வளையம் விழும். அது கழிவு அட்டை. முதல் துளியைப் பஞ்சால் துடைத்துவிட வேண்டும். அடுத்த துளி பெரிதாகத் திரளும்வரை பொறுத்து, அது தாளைத் தொட்டதும் வட்டம் முழுக்க ஒரே இழுப்பில் ஊற விட வேண்டும். பாதி நிறைந்த வட்டத்தின்மேல் இன்னொரு துளியை வைத்தால் இரத்தம் படைபடையாகக் கட்டிப்போகும். தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் போலவே பின்பக்கமும் நிறைந்திருந்தால் சரி. இரத்தம் வரவில்லையென்று மாட்டில் பால் கறப்பதுபோலக் காலைப் பிழிபவர்கள் உண்டு. பிழிந்தால் இழைய நீரும் சேர்ந்து வந்து இரத்தத்தை ஐதாக்கிவிடும். மெல்ல அழுத்தி விடுவதோடு நிறுத்துங்கள். ஐந்து வட்டமும் நிறைவது நல்லது, குறைந்தது மூன்று கட்டாயம். ஒன்று பரிசோதனைக்கு, மற்றவை சந்தேகம் வந்தால் திரும்பச் செய்ய.

பிறகு காய வைப்பது. நமது ஊரில் சோதனை இங்கேதான். அட்டையைத் தட்டையாக, வட்டங்கள் எதிலும் படாமல், குறைந்தது நான்கு மணித்தியாலம் காய விட வேண்டும். மாரியில் இரவு முழுதும் விடுவதே நல்லது. கார்த்திகை, மார்கழியில் வாவிக்கரைப் பக்கம் உப்புக்கூட நீர்விட்டுக் கிடக்கும் காற்றில் தாள் மட்டும் காய்ந்துவிடுமா? அவசரப்பட்டு வெயிலில் வைத்தாலும், தலைமயிர் உலர்த்தியால் ஊதினாலும் சூடு மரபுப்பொருளைக் கெடுக்கும். கச்சான் வீசும் மாதங்களில் சீக்கிரம் காயும், ஆனால் சன்னலைத் திறந்து வைத்தால் மண்ணும் ஈயும் வந்து அப்பும். காய்ந்த பொட்டு கருஞ்சிவப்பாக மாறும். பளிச்சென்ற சிவப்பு மிச்சமிருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரத்தோடு பையில் அடைத்த அட்டையில் பூஞ்சணம் பிடிக்கும், அதற்குமேல் அதில் பார்க்க ஒன்றுமில்லை.

காய்ந்த அட்டைகளுக்கு நடுவே கண்ணாடித்தாள் வைத்து, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களோடும் ஈரம்காட்டும் சீட்டோடும் காற்றுப்புகாத பையில் போடுகிறார்கள். சீட்டு நீலமாக இருக்கும்வரை கவலையில்லை. இளஞ்சிவப்பானால் உறிஞ்சும் பொட்டலங்களை மாற்ற வேண்டும். அட்டையில் பெயருக்குப் பதில் இலக்கம் எழுதும் வழக்கம் உண்டு. ஊரில் விஷயம் பரவாமல் இருக்க அது உதவும். ஆனால் இலக்கம் ஒன்று மாறினால் இரண்டு குடும்பத்தின் கதை மாறிவிடும். ஆகவே அட்டையிலும் படிவத்திலும் பதிவேட்டிலும் இலக்கத்தை எழுதி, குழந்தை மேசையை விட்டுப் போகுமுன் மூன்றையும் ஒத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த அட்டைப் பயணமே வேண்டாமென்று வந்தவை சிறு இயந்திரங்கள். சயரோகத்துக்குச் சளி பார்க்கும் ஜீன்எக்ஸ்பேட் இயந்திரத்திலேயே வேறு கார்ட்ரிட்ஜ் போட்டுக் குழந்தையின் எச்.ஐ.வியையும் பார்க்கலாம்; ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். எம்-பிமா என்ற இன்னொன்றுக்கு 25 மைக்ரோலீற்றர் இரத்தம் போதும், ஒரு மணித்தியாலத்துக்குள் முடிவு. ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் இவற்றால் கிடைத்த பெரிய இலாபம் வேகமல்ல. முடிவு வர மாதக்கணக்கான இடங்களில் அது வந்து சேரும்போது தாய் கிளினிக்கை விட்டே போயிருப்பாள். அன்றைக்கே முடிவு கிடைத்தால் மருந்தையும் அன்றைக்கே கையில் கொடுத்துவிடலாம். இலங்கையில் இப்படிப்பட்ட குழந்தைகள் சிலரே என்பதால், இடத்துக்கு ஓர் இயந்திரம் என்பதைவிட ஒழுங்காக எடுத்த அட்டையும் விடாமல் பின்தொடரும் ஆளும்தான் நமக்கு அவசியம்.

"உண்டு" என்று வந்தால்

முதல் பி.சி.ஆர் 'உண்டு' என்றால் இரண்டு காரியம் ஒன்றாக நடக்க வேண்டும்: இரண்டாவது இரத்தம் எடுப்பது, மருந்தைத் தொடங்குவது. இரண்டாவது முடிவு வரட்டும் என்று மருந்தைத் தள்ளக்கூடாது. அதேவேளை, இரண்டாவதைச் செய்யாமல் வாழ்நாள் மருந்துக்குள் குழந்தையைத் தள்ளிவிடவும் கூடாது. ஏன் என்பதற்குச் சிறு கணக்கு போதும். தாய்மாருக்கு நல்ல சிகிச்சை கிடைக்கும் நாட்டில் 1,000 குழந்தைகளில் 10 பேருக்குத்தான் தொற்று என்று வையுங்கள். பரிசோதனை 1,000இல் ஐந்து பேரை மட்டும் பிழையாக 'உண்டு' என்று சொல்லும் அளவுக்குத் திறமானது என்றும் வையுங்கள். தொற்றுள்ள பத்துப்பேரும் பிழையாக வந்த ஐந்துபேரும் சேர்ந்து 15 பேருக்கு 'உண்டு' என்று வரும். மூன்றில் ஒன்று பிழை! பரிசோதனை கெட்டுவிடவில்லை, தொற்று அருகிவிட்டது. தொற்று எவ்வளவு குறைகிறதோ அந்தளவுக்கு இரண்டாவது இரத்தத்தின் மதிப்பு கூடும்.

இது நமக்கு ஏட்டுச் சுரைக்காய் இல்லை. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வியும் சிபிலிசும் பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 டிசம்பரில் சான்று கொடுத்தது. எந்தச் சிகிச்சையும் இல்லாதபோது தொற்றுள்ள 100 தாய்மாரின் குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்றும். சிகிச்சையோடு அது 5க்கும் கீழே போகும். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே மருந்து எடுத்து வைரசை அடக்கி வைத்திருக்கும் தாய்க்கு 1க்கும் கீழே. சான்று கிடைத்ததற்குப் பெரிய காரணம், கர்ப்பிணிகள் முதன்முறை கிளினிக்கில் பதியும்போதே எச்.ஐ.விக்கும் சிபிலிசுக்கும் இரத்தம் பார்ப்பது. ஒழிப்பு என்றால் பூச்சியம் என்று அர்த்தமல்ல. முதல் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்த பிறகு, கர்ப்பத்தின் நடுவிலோ பாலூட்டும் காலத்திலோ தொற்றினால் அந்தத் தாயை யாரும் கவனிக்கமாட்டார்கள். புதுத் தொற்றில் வைரசு மிக உயர்ந்திருக்கும் என்பதால் குழந்தைக்கு ஆபத்தும் அப்போது அதிகம். திரும்பத் திரும்ப நிமோனியா, வாய் முழுக்க வெண்படலம், நிறை ஏறாமை என்று வரும் குழந்தையில், தாயின் பழைய அட்டையில் 'இல்லை' என்றிருந்தாலும் மீண்டும் பார்ப்பது அதனால்தான். அங்கே விரைவுப் பரிசோதனைக்கு வேலை உண்டு: கோடு விழுந்தால் குழந்தை வைரசுக்கு முகம் கொடுத்திருக்கிறது என்று அர்த்தம், அடுத்தது பி.சி.ஆர்.

மருந்து இப்போது முன்பு போல் பெரும்பாடு இல்லை. முன்னர் கொடுத்த லொபினாவிர் பாணி கசப்பு. அதில் மதுசாரம் மட்டும் 40 சதவீதத்துக்கு மேல். சேமித்து வைக்கக் குளிர்சாதனப்பெட்டியும் வேண்டும். இன்று நான்கு கிழமை கடந்து 3 கிலோ நிறையுள்ள குழந்தைக்குத் தண்ணீரில் கரையும் 10 மில்லிகிராம் டொலுடெக்ராவிர் குளிசை இருக்கிறது, ஸ்ட்ரோபரிச் சுவையோடு. கூடவே வேறு இரண்டு மருந்துகள். நிறை ஏற ஏற அளவை மாற்ற வேண்டும் என்பதால் ஒவ்வொரு வருகையிலும் தராசு முக்கியம்.

தாய்ப்பால் பற்றிக் கேட்காத வீடு இல்லை. மருந்தை ஒழுங்காக எடுக்கும் தாய் பாலூட்டலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆனால் பால்மா சுத்தமாகக் கரைத்துக் கொடுக்க வசதியுள்ள வீட்டில் வைத்தியர் வேறு விதமாகச் சொல்லலாம். எதைத் தெரிவு செய்தாலும் ஒரு விஷயத்தில் கவனம்: மருந்து பரவலாகக் கிடைக்காத காலத்து ஆய்வுகளில், முதல் ஆறு மாதத்தில் தாய்ப்பாலோடு வேறு உணவும் கலந்து கொடுத்த குழந்தைகளுக்கு, தனித் தாய்ப்பால் குடித்த குழந்தைகளைவிடத் தொற்று அதிகமாக இருந்தது. வயிற்றுக்குத்துக்கு ஓமத்தண்ணீர், பிறந்த வாய்க்குச் சீனித்தண்ணீர் என்று பாட்டிமார் கொடுப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். பாலூட்டும்வரை தொற்று வர வழி திறந்தே இருக்கிறது. பால் நிறுத்தி மூன்று மாதத்துக்கு முன் எந்த 'இல்லை'யும் கடைசி 'இல்லை' அல்ல.

மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை எஸ்.ரி.டி (பாலியல் நோய்) கிளினிக்குகளில் இந்தச் சேவைகளுக்குக் காசு இல்லை, விவரம் இரகசியமாக வைக்கப்படும். உள்ளூர் கிளினிக்குக்குப் போனால் அயலவர் கண்ணில் படுமே என்று தயங்குபவர்கள் பக்கத்து மாவட்டக் கிளினிக்கில் பதிந்துகொள்ளலாம். தூரம் கூடும், ஆனால் அட்டவணை தப்பாமல் இருந்தால் சரி.

தடுப்பூசி எங்கே நிற்கிறது?

குழந்தை பிறந்ததும் பி.சி.ஜி போடுவதுபோல எச்.ஐ.விக்கும் ஒன்று இருந்தால் இத்தனை பாடு எதற்கு? இரண்டு வருடத்தில் பரிசோதிக்கத் தயாராகும் என்று அமெரிக்க சுகாதாரச் செயலாளர் மார்கிரட் ஹெக்லர் சொன்னது 1984இல். இன்னும் ஒன்றும் சந்தைக்கு வரவில்லை. வைரசு தன்னைப் பிரதி எடுக்கும்போது ஏராளமாகப் பிழைவிட்டு ஆளுக்கு ஆள் முகம் மாற்றுகிறது. மேலுறையைச் சர்க்கரை மூலக்கூறுகளால் போர்த்தி வைத்திருக்கிறது. நுழைந்து சில நாட்களிலேயே நமது கலங்களின் மரபுப்பொருளுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. மிசிசிப்பியில் 2010இல் பிறந்த ஒரு குழந்தைக்கு 30 மணித்தியாலத்திலேயே மருந்து தொடங்கியும், மருந்து நின்று 27 மாதம் வைரசு கண்ணில் படாமல் இருந்தும், 2014இல் அது திரும்பி வந்துவிட்டது. ஒளிந்திருந்த கையிருப்பு அவ்வளவு விடாப்பிடியானது.

தாய்லாந்தில் 16,000க்கும் அதிகமானோரில் நடந்த ஆர்.வி.144 தடுப்பூசிச் சோதனை 2009இல் 31 சதவீதப் பாதுகாப்பைக் காட்டியது. பாவனைக்கு அது போதவில்லை. அதையே திருத்தித் தென்னாபிரிக்காவில் செய்தது 2020இல் நின்றது. இம்பொகோடோ, மொசைக்கோ என்ற வேறு இரண்டு சோதனைகளும் முறையே 2021இலும் 2023இலும் பலன் தராமல் முடிந்தன. இப்போதைய முயற்சி வேறு வழி: பலவகை வைரசையும் மடக்கும் அரிய பிறபொருளெதிரிகளை உண்டாக்கும் கலங்களைப் படிப்படியாகப் பழக்குவது. 2022இல் வெளியான முதற்கட்டச் சோதனை ஒன்றில் ஊசி போட்ட 36 பேரில் 35 பேரின் உடலில் முதல் படி நடந்தது. மிச்சப் படிகளைத் தாண்டுவதுதான் வேலை. தொற்றைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனாகாபவிர் ஊசியைச் சிலர் தடுப்பூசி என்று எழுதுகிறார்கள். அது மருந்து, உடலுக்கு எதையும் பழக்குவதில்லை, தீர்ந்தால் பாதுகாப்பும் தீரும்.

இந்தச் சோதனைகளுக்கும் நமது குதிக்கால் குத்துக்கும் ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. சோதனைத் தடுப்பூசி போட்டவர்களின் உடல் எச்.ஐ.விக்கான பிறபொருளெதிரிகளை உண்டாக்குகிறது, அதற்குத்தானே போட்டது. அவர்களில் பலருக்கு விரைவுப் பரிசோதனையில் வருடக்கணக்கில் இரண்டு கோடு விழும், தொற்று துளியும் இல்லாமல். இரத்ததானத்துக்குப் போனாலும், வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுக்கப் போனாலும் மறித்துவிடுவார்கள். தொற்று இல்லை என்று காட்ட அவர்களுக்கும் பி.சி.ஆர்தான் வேண்டும். அவர்களில் ஒரு பெண் கருவுற்றால் அந்தப் பிறபொருளெதிரிகள் நச்சுக்கொடி தாண்டிக் குழந்தைக்கும் போகலாம். தாய்க்கும் பிள்ளைக்கும் இரண்டு பேருக்குமே கோடு விழும், இருவரிலும் வைரசு இருக்காது.